எந்த குரூப்?

மேற்கு மலையின் மீது மேகம் கவிந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே ஈரக்காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் பிடிக்கத் தொடங்கும் நாட்களில், செங்கோட்டையிலும் இலஞ்சியிலும் பண்பொழியிலும் வடகரையிலும் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையுள்ள வீடுகளில் சீசனைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் வேறொரு பேச்சே மேலோங்கி நிற்கும். “பிள்ளைக்கு எந்த குரூப் எடுக்கப் போறீக?” என்று டீக்கடையில் சிநேகிதர் கேட்பார், கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தை கேட்பாள், ரேஷன் கடை வரிசையில் முன்பின் பழக்கமில்லாதவரும் கேட்பார். கேள்வி பெரும்பாலும் தகப்பனாரை நோக்கித்தான் வரும். சம்பந்தப்பட்ட பிள்ளையோ பக்கத்தில் நின்றபடி, அடுத்த இரண்டு வருஷத்தை மட்டுமின்றி அதற்கப்பால் நாற்பது வருஷ ஜீவனத்தையும் ஓரளவு நிர்ணயிக்கப் போகிற அந்தப் பதிலைத் தானும் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நம் மாநிலத்தின் ஏற்பாட்டை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுவது உசிதம். பத்தாம் வகுப்பு முடியும் வரையில் மாணவனுக்குத் தெரிவு என்று அநேகமாக ஒன்றுமில்லை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்னும் ஐந்தையும் எல்லோரும் படித்து, எல்லோரும் பொதுத்தேர்வு எழுத வேண்டும். பதினோராம் வகுப்பில் கால் வைத்ததும், மொழிப் பாடங்கள் இரண்டு நீங்கலாக, நான்கு முக்கியப் பாடங்கள் வந்து சேர்கின்றன. கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றோடு உயிரியல் சேர்ந்தால் அது பயோ-மேத்ஸ், பேச்சு வழக்கில் ஃபர்ஸ்ட் குரூப். உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதத்தை நீக்கித் தாவரவியலையும் விலங்கியலையும் வைத்தால் ப்யூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்று போனால் காமர்ஸ். வரலாறு முதலியவை ஆர்ட்ஸ். இவற்றோடு தொழிற்கல்வி சார்ந்த வொக்கேஷனல் குரூப்.

இதில் சாதாரணமாகக் கவனிக்கப்படாத ஒரு விஷயம் உண்டு. பிள்ளை தெரிந்தெடுப்பது பாடங்களையல்ல, பாடங்களின் கட்டு ஒன்றையே. கணிதத்தில் ஆசையும் வரலாற்றில் ருசியும் உள்ள பெண்ணொருத்தி இரண்டையும் சேர்த்துப் படிக்க விரும்பினால், சாப்பாட்டுக் கடையில் மதியவேளையில் முழுச் சாப்பாடு தவிர வேறொன்றும் கிடையாது என்று கைவிரிப்பதைப் போல, பள்ளிக்கூடமும் கைவிரித்துவிடும். ஆகவே பதின்பருவத்தாருக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம் என்று விவாதிக்கும்போது, கொடுப்பதற்கு நம் கையில் இருப்பது எவ்வளவு என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும்.

இருக்கும் அந்தச் சொற்ப சுதந்திரத்தையும் பிரயோகிப்பவர் யார்? பெயரளவில் விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் பெற்றோர். உள்ளபடி தீர்மானிப்பவை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதும், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஓடும் பஸ்ஸின் நேரமுமே ஆகும். மதிப்பெண் மேலாக இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப், சற்றுக் குறைந்தால் ப்யூர் சயின்ஸ் அல்லது காமர்ஸ், இன்னும் இறங்கினால் ஆர்ட்ஸ் அல்லது வொக்கேஷனல் என்று, எங்கும் எழுதப்படாத ஒரு வருணாசிரமம் நம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. இதன் விளைவாக, தேசத்தின் பூர்வ சரித்திரத்தையும் அரசியல் அமைப்பையும் பயில்வது மதிப்பெண் குறைந்தவனுக்கு விதிக்கும் தண்டனையாகவும், தனக்குப் பிடிக்காத இயற்பியலை இரண்டு வருஷம் சுமப்பது மதிப்பெண் மிகுந்தவனுக்கு அளிக்கும் பரிசாகவும் ஆகிவிட்டன. எது அதிக விபரீதம் என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. முதலாவதே என்று சில சமயம் தோன்றுகிறது.

பெண் குழந்தைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். மேக்கரைப் பக்கத்து மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க வரும் பெண்ணுக்கு, நடந்து போகும் தூரத்தில் அல்லது ஒரே பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் உள்ள பள்ளி எந்த குரூப்பை வைத்திருக்கிறதோ, அதுவே அவளுடைய விருப்பம் என்று ஆகிவிடுகிறது. விரும்பிய குரூப் தென்காசியில் இருக்கிறதே என்றால், “இருட்டுனபொறகு பொம்பளப் பிள்ள தனியா எப்படி வருவா?” என்று வீட்டில் கேட்பார்கள், பீடி சுற்றியும் வயல்வேலை செய்தும் குடும்பத்தைத் தாங்கும் தாயின் வாயிலிருந்து வரும் அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட யாருக்கும் யோக்கியதை கிடையாது. குற்றாலநாதர் கோயிலின் பொருளுதவியால் 1964-இல் தோன்றிய பராசக்தி மகளிர் கல்லூரி இந்த வட்டாரப் பெண்களின் உயர்கல்விக்குச் செய்த பேருதவிக்கு முக்கியமான காரணம், அது குற்றாலத்திலேயே இருந்தது என்பதுதான். அண்மையும் ஒருவகைச் சுதந்திரம்.

இந்தப் பிரச்னை நேற்று முளைத்ததல்ல. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள், 1952-இல், இடைநிலைக் கல்வியை ஆராய மத்திய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்து ஒரே வாசல் வழியே கல்லூரிக்கு அனுப்ப முயலும் பழைய முறையைக் கண்டித்த அந்தக் கமிஷன், மொழிகளையும் சமூகக் கல்வியையும் பொது விஞ்ஞானத்தையும் ஒரு கைத்தொழிலையும் சகலருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, மானிடவியல் துறைகள், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகளை வகுத்து, இவற்றில் பலவற்றை ஒரே கூரையின் கீழ் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளை நிறுவச் சொன்னது. மாணவனின் இயல்பறிந்து வழிகாட்டப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் வேண்டும் என்றும் சொன்னது. எழுபது வருஷங்களுக்குப் பிறகும் அந்த யோசனையின் விசாலம் வியக்கத்தக்கதாகவே இருக்கிறது.

நுண்கலை என்ற அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் ஞாபகம் வரும். பாலப் பருவத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மேடையில் நின்று பாடி, தென்னாடு முழுவதையும் மயக்கிவிட்டு, 27 வயதில் மறைந்துபோன அந்தக் கந்தர்வக் குரலுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இடம் வைத்திருக்கவில்லை. இன்று அவர் ஊரில் அதே குரலோடு ஒரு பையன் பிறந்து பத்தாம் வகுப்புத் தேறினால், அவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கலாம், சங்கீதம் கிடைக்காது.

ஏழு பிரிவு யோசனை விரிவாக நடைமுறைக்கு வராமல் போனதற்குப் பணமின்மையும் ஆசிரியரின்மையும் மட்டும் காரணமல்ல. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பிள்ளையைப் பிரித்துவிடுவது தகுமா என்ற நியாயமான சந்தேகமும் எழுந்தது. டி. எஸ். கோத்தாரியின் தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த அடுத்த கமிஷன், முதல் பத்து வருஷம் யாவருக்கும் பொதுக்கல்வி, அதன்பிறகே பிரிவு என்று தீர்மானித்தது. அதையொட்டித்தான் தமிழ்நாட்டில் பழைய பதினோரு வருஷ எஸ்.எஸ்.எல்.சி.யும் ஒரு வருஷப் பி.யூ.சி.யும் விடைபெற்று, 1978-இல் மேல்நிலைக் கல்வி, அதாவது நாம் அழைக்கும் பிளஸ் டூ, பிறந்தது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெரியவர்களைக் கேட்டால், அந்நாளில் கணிதத்திலேயே ஜெனரல் மேத்தமாடிக்ஸ், காம்போசிட் மேத்தமாடிக்ஸ் என இரண்டு தரம் இருந்ததையும், சுலபம் என்று முதலாவதை எடுத்துவிட்டுப் பிற்பாடு இஞ்சினீயர் ஆக முடியவில்லையே என்று ஏங்கியவர்களின் கதையையும் சொல்வார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2019–20 முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டாகப் பிரித்தது புதுமை என்று கொண்டாடப்பட்டபோது, அந்தப் பெரியவர்கள் புன்னகை செய்திருப்பார்கள்.

ஒரு தெரிவு இன்றைக்குச் சுமையைக் குறைக்கிறது. ஆனால் நாளைக்கு ஒரு கதவைச் சாத்துகிறது. முடிச்சு இதில்தான் இருக்கிறது. இதை நம் மாநிலம் மிக அருகில் நின்று கண்ட சந்தர்ப்பம் ஒன்று சமீபத்தில் வாய்த்தது. 2019 செப்டம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: 2020–21 முதல் பிளஸ் ஒன் மாணவர்கள் விரும்பினால் நான்கு முக்கியப் பாடங்களுக்குப் பதிலாக மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, 600 மதிப்பெண்ணுக்குப் பதிலாக 500-க்குத் தேர்வு எழுதலாம், பழையபடி நான்கே வேண்டும் என்பவர் அப்படியே படிக்கலாம். இஞ்சினீயரிங்கை மட்டும் நாடுபவனுக்கு உயிரியல் வேண்டாம், மருத்துவத்தை மட்டும் நாடுபவளுக்குக் கணிதம் வேண்டாம் என்பது அதன் தர்க்கம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதைவிட மாணவர் மீது கருணை கொண்ட ஆணை வேறு இருக்க முடியாது. வேண்டாத பாடத்தின் பாரத்திலிருந்து விடுதலை, நேரம் மிச்சம், நீட், ஜே.இ.இ. போன்ற போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தமாக அவகாசம்.

ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் கேள்வி கூர்மையானது. பதினைந்து வயதில் தனக்கு மருத்துவம் மட்டுமே என்று நம்பிக் கணிதத்தைத் துறந்த பிள்ளை, பதினேழு வயதில் நீட் தேர்வில் இடம் கிடைக்காமல் நிற்கும்போது எந்த வாசலைத் தட்டும்? பட்டணத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மறு வருஷமும் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிக்கும். அரசுப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை, கையில் இருந்திருக்கக்கூடிய மாற்று வழியையும் தானே கைநழுவ விட்டுவிட்டுத் திகைக்கும். பயோ-மேத்ஸ் என்னும் பாரமான குரூப்பைப் பெற்றோர் விடாப்பிடியாகக் கேட்பதற்கு அவர்களுடைய பேராசையே காரணம் என்று பேசுவது நாகரிகமாகிவிட்டது. உண்மையில் அது பேராசையல்ல, பயம். இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்ற, ஏழைக்கே உரிய முன்ஜாக்கிரதை. 2020-இல், கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த விசித்திர வருஷத்தில், அரசு ஆணையை விலக்கிக்கொண்டு பழைய நான்கு பாட முறையே தொடரும் என்று அறிவித்தது. விலக்கியது சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் மூன்று பாடம் போதாது என்பதை ஒப்புக்கொண்டவர்கள், அந்த நான்காவது பாடம் ஏன் மாணவனின் சொந்தத் தெரிவாக இருக்கக்கூடாது, இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு வரலாற்றை ஒருவன் படித்தால் உலகம் என்ன கவிழ்ந்துவிடுமா என்ற கேள்வியை மட்டும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே கடினமான சுவர் கூடாது என்று ஏட்டில் எழுதியிருக்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பல அம்சங்களில் நமக்குள்ள ஆட்சேபம் வேறு விஷயம், இந்த ஒன்றில் அது சொல்வது நியாயமே.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளையின் இஷ்டத்துக்கே விட்டுவிடலாமா என்றால், அதுவும் என் அபிப்பிராயமல்ல. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறாமற்போன ராமாநுஜனை உதாரணம் காட்டி, கட்டாயப் பாடமே கூடாது என்று வாதிப்பவர்கள் உண்டு. நூற்றாண்டுக்கு ஒருமுறை தோன்றும் மேதையை அளவாக வைத்து எல்லோருக்கும் சட்டை தைக்க முடியாது. அதைவிட நம் நாட்டுக்கு நெருக்கமான எச்சரிக்கை வேறொன்று இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஆனபோது, பிறந்த குடியின் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப் போடும் குலக்கல்வி இது என்று கிளம்பிய எதிர்ப்பில் அத்திட்டம் அடுத்த வருஷமே கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பு வரை யாவருக்கும் ஒரே பொதுக்கல்வி என்ற நம்முடைய ஏற்பாட்டின் பெருமை இதில்தான் இருக்கிறது: செங்கல் சூளையில் வேலை செய்பவரின் மகனும் வக்கீலின் மகளும் ஒரே கணிதத்தைப் படிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே தெரிவைக் கொடுத்தால், குடும்பத்தின் நிலைமைதான் பிள்ளையின் வாய்வழியே பேசும்.

ஆகவே பதினைந்து வரை பொதுக்கல்வி, அதன்பின் தாராளமான தெரிவு, தெரிவு தவறினால் திரும்பி வர வழி. இதுவே நான் சொல்ல விரும்புவது. மூன்றாவது இல்லாமல் இரண்டாவது ஆபத்தானது.

மலைக்கு அப்பால் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது செங்கோட்டைக்காரர்களுக்குப் புதிதல்ல; 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே திருவிதாங்கூர்ச் சீமையோடுதான் இருந்தது, அன்றைக்கு மொழிவாரிப் பிரிவினையால் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, பள்ளி வருஷத்தின் நடுவிலேயே இதன் பள்ளிகள் ஒரு ராஜ்யத்தின் கல்வித் துறையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறின. இன்று கேரளத்தில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை, ஏகஜாலகம் என்னும் ஒற்றைச்சாளர முறையில், எந்தப் பள்ளியில் எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதைத் தன் விருப்ப வரிசைப்படி எழுதிக் கொடுக்கிறது. அங்கே சயின்ஸ், ஹியுமானிட்டீஸ், காமர்ஸ் என்ற மூன்று பெரும் பிரிவுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. அங்கும் மதிப்பெண்தான் ராஜா. ஆனால் ஒரு தலைமையாசிரியரின் அறைக்கு வெளியே தகப்பனார் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் குறைகிறது, எந்தப் பள்ளியில் எது இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளோ சாதாரண தரப் பரீட்சைக்கே ஆறு கட்டாயப் பாடங்களோடு மூன்றைத் தொகுதிகளிலிருந்து தாமே தெரிந்துகொள்கிறார்கள்; சங்கீதமும் நாட்டியமும் இலக்கிய நயமும் அங்கே பரீட்சைப் பாடங்கள். ஆனால் உயர்தரத்தில் மூன்றே பாடங்கள் என்று குறுகிவிடுவதால், ஆரம்பத்தில் கிடைத்த விசாலம் முடிவில் இறுகிப் போகிறது.

திரும்பி வரும் வழிகளைப் பற்றி நம் ஊர்ப் பெற்றோருக்கு இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனவன், டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரே சேரலாம். உயிரியல் படிக்காமல் பிளஸ் டூ முடித்தவர் பிறகு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் தேர்வுக்குத் தகுதியுடையவரே என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. எத்தனை வீடுகளுக்கு இச்செய்தி எட்டியதோ! தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் வந்தபிறகு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்று எண்ணும் தகப்பனார்கள் பெருகியிருக்கிறார்கள். அந்நிறுவனமோ கல்லூரிப் பட்டம் கேளாமல், பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவிக்கும் பள்ளியை நடத்திவருகிறது. சட்டம் படித்துத் தேறி, வக்கீல் தொழிலில் மனம் தோயாமல், குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனை அநுபவிக்கத் தமிழருக்குக் கற்றுக்கொடுத்த ரசிகமணி டி.கே.சி.யும் ஒருவகையில் குரூப் மாறியவர்தான். அவருக்கு அதற்கான வசதியும் அவகாசமும் இருந்தன என்பதை மறக்கவில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி என்று ஒரே பஸ் தடத்தில் அமைந்த பள்ளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒன்றில் இல்லாத பாடத்தை மற்றொன்றில் வாரம் இரண்டு நாள் படிக்க ஏற்பாடு செய்யலாம். முதலியார் கமிஷன் கேட்ட வழிகாட்டி ஆசிரியரை ஒன்பதாம் வகுப்பிலேயே நியமித்து, எந்தப் பாடம் எந்தப் படிப்புக்கு இட்டுச் செல்லும் என்பதை ரிசல்ட் வந்த பரபரப்பில் சொல்லாமல் ஒரு வருஷம் முன்னதாகச் சொல்லலாம். விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்துக்கு மேலே, பிள்ளை தன் கைப்பட நான்கு வரி எழுத ஓர் இடம் விடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குரூப் மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். இப்போது சேர்ந்த சில வாரங்களுக்குள் மாறினால் உண்டு; அதற்குள் பிள்ளைக்குப் புத்தகத்தின் அட்டைதான் பழக்கமாகியிருக்கும். 2018-இல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததும் அந்த வருஷம் இறுகிக் கெட்டிப்பட்டுப் போயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வு இனி வேண்டாம் என்று சொன்னதால், பதினோராம் வகுப்பை ஒரு சோதனை வருஷமாக, ஆண்டின் நடுவிலோ முடிவிலோ ஒரு பாடத்தையாவது மாற்றிக்கொள்ளக்கூடிய வருஷமாக அமைக்க இப்போது இடம் ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வு முதலில் ஏன் கொண்டுவரப்பட்டது என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்: பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்துக்கொண்டிருந்தன. அவை மறுபடியும் அந்தப் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டால், பிள்ளைக்கு யோசிக்கக் கிடைத்த அந்த ஒரு வருஷத்தையும் பள்ளிக்கூடமே தின்றுவிடும். அதைத் தடுக்கக் கல்வித் துறை என்ன செய்யப்போகிறது என்பதைப் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.